அப்பிள் கள்ளைச் சிவப்பாக்கினது

கட்டிலில் அத்தான். தலைமாட்டில் கதிரை போட்டு அக்கா. யன்னலோரம் அவர்களின் மகள், கையில் போன். காலடியில் வீட்டுக்கு வந்துபோகும் நேர்ஸ், பிலிப்பீன்ஸ்காரி. வாசலில் நான், கையில் போத்தல்.

அவ்வளவு பேர்தான். செப்டெம்பர் கடைசி. மில்லிக்கனில் அக்கா வீடு. சோபாவைத் தூக்கிக் கராஜில் வைத்துவிட்டு முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது.

அன்றுதான் அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். மாதக் கணக்கு இல்லை, கிழமைக் கணக்கு என்றார்கள். வயிற்றில் தொடங்கினது ஈரலுக்குப் போய்விட்டது.

போத்தலில் இருந்தது போன வருஷத்து அப்பிள் கள்ளு. கடையில் அதைச் சைடர் என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பிள் கள்ளு. அத்தான் வைத்த பேர். வீட்டுக்கு வந்ததற்கு ஒரு வாய் குடிக்கட்டும் என்று கொண்டுபோனேன். நேர்ஸிடம் மகள் கேட்டாள். நாக்கு நனைக்கலாம், தடையில்லை என்றாள் நேர்ஸ்.

அத்தான் போத்தலைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே தொங்கின பையைப் பார்த்தார். மூத்திரம் போகிற பை. பாதி நிறைந்திருந்தது.

“மச்சான், உதில எது கள்ளு?” என்றார்.

அக்கா முகத்தைத் திருப்பினா. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“பகிடி இல்லையடா. ரெண்டும் ஒரே நிறம். உதை நான் வாயில வைக்கமாட்டன்.”

“ருசி வேறதானே அத்தான்.”

“நாக்குச் செத்து ஆறு மாசம். ருசி எனக்கென்னத்துக்கு? கண்தான் மிச்சம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இந்த வருசத்தைச் சிவப்பாக்கு. நல்ல சிவப்பு. ஒருக்கா வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கவேணும்.”

“சரி.”

“கேக்குக்கு விடுற சாயம் விட்டியெண்டா நான் கண்டுபிடிச்சிடுவன்.”

“விடமாட்டன்.”

“செத்த பிறகும் கண்டுபிடிப்பன்.”

“சும்மா இருங்கோப்பா” என்றா அக்கா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு அப்பிள் மரம். வீடு வாங்கும்போதே நின்றது. பழம் சின்னன். புளிப்பு. பாதியில் புழு. அக்கா ஊறுகாய் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டா. அத்தான்தான் கள்ளுக்கு மாற்றினார். அவருக்கு ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்கிற பக்ரறியில் வேலை. கூட வேலை செய்த போர்த்துக்கல்காரன் ஒருவன் சொல்லிக்கொடுத்தது. பழம் பிழிய மெசின் வாங்கவில்லை. கார் தூக்குகிற ஜாக், ரெண்டு தடிப்பான பலகை, ஒரு இரும்புச் சட்டம். தானே செய்தார். ஜாக்கை அடிக்க அடிக்கப் பலகை இறங்கும். சாறு வாளிக்குள் ஒழுகும்.

நான் இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். பாண் சுடுகிற பக்ரறியில் பெட்டி அடுக்குகிறேன். கள்ளு வேலையில் கழுவுவது, வெட்டுவது, ஜாக் அடிப்பது என் பங்கு. எவ்வளவு சீனி, எப்போது ஈஸ்ற், எப்போது வடிப்பது எல்லாம் அவர் தலைக்குள். ஒரு துண்டிலும் எழுதி வைக்கவில்லை. நானும் கேட்டதில்லை. சொன்னதைச் செய்வேன்.

இந்த முறை நானே செய்யவேண்டும்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பழம் ஆய்ந்தேன். மகள் ஏணியைப் பிடித்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. அந்த மரத்தில் அதுவரை கை வைத்ததில்லை. புழுவைக் கண்டு கத்தினாள். பிறகு பழகிவிட்டாள். ரெண்டு பெரிய கண்ணாடிச் சாடி நிறையச் சாறு வந்தது. ஈஸ்ற் போட்டு, வாயை அடைத்து, காற்றுப் போகிற சின்னக் குழாயை வைத்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கராஜ் குளிர். குளிருக்குள் ஈஸ்ற் வேலை செய்யாது. அது எனக்குத் தெரியும்.

ரெண்டாம் நாள் டொப் டொப் என்று சத்தம் தொடங்கியது. மேலே போய் அத்தானுக்குச் சொன்னேன்.

“கதைக்குதோ?”

“கதைக்குது.”

“என்னவாம்?”

“உங்களைக் கேக்குது.”

“விசரன்” என்றார். சந்தோசம் அவருக்கு.

சிவப்பென்றதும் எனக்கு முதலில் வந்தது பீற்றூட். ஐந்து கிழங்கைத் தோல் சீவி, துருவி, வெள்ளைத் துணியில் கட்டி ஒரு சாடிக்குள் இறக்கினேன். காலமை பார்க்கச் சாடி முழுக்க நல்ல சிவப்பு. அரைக் கிளாஸ் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அத்தான் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நான் கிளாஸின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

“உது பச்சைச் சாறு. கள்ளாகட்டும், பிறகு சொல்லு” என்றார். ஆனால் கிளாஸைத் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் அரைக் கிளாஸ் கொண்டுபோனேன். நாலாம் நாளும் சிவப்பு. ஆறாம் நாள் கொஞ்சம் மங்கல். அக்கா சொன்னா, லைற் சரியில்லை என்று. எட்டாம் நாள் செம்மண் தண்ணி மாதிரி. பதினோராம் நாள் பழைய ஆணி ஊறின தண்ணி. மண் மணம் வேறு.

அத்தான் கிளாஸை ஒருக்காப் பார்த்தார்.

“மச்சான், முந்தி மூத்திரம். இப்ப அதுக்கு அடுத்தது.”

அக்கா குசினிக்குள் போய்விட்டா. சிரிக்கத்தான் போனா. சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் வேறு மாதிரி ஆனது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்தச் சாடியை ஊற்றினேன். மற்றச் சாடி கிடந்தது. அது நல்லாக வந்திருந்தது. சத்தம் அடங்கி, அடியில் மண்டி இருந்து, மேலே தெளிந்த மஞ்சள். அத்தான் செய்கிறதைப் போலவே. நிறம்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுக் குடும்பம். கம்பியூட்டர் வேலை. அந்தக் கிழமை அவர்களின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாள். நான் குப்பைப் பெட்டியை ரோட்டோரம் வைத்துக்கொண்டிருந்தேன். அவளின் தாய்க்காரி வாசலில் வைத்து ஆரத்தி சுற்றினா. தட்டில் ரத்தச் சிவப்பாகத் தண்ணி. சுற்றி முடித்துப் பாதையில் ஊற்றினா. சீமெந்தில் சிவப்பு ஓடினது.

“தங்கச்சி, உது குங்குமமோ?” என்று கேட்டேன்.

“இல்லீங்கண்ணா. மஞ்சத்தூளும் சுண்ணாம்பும்தான். கலந்தா தானா செவந்துரும்.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். வெற்றிலை போடுகிற ஆக்களைக் கண்டு வளர்ந்தவன். தெரிந்ததையே மறந்துபோனேன். சாயம் இல்லை. மருந்து இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும். சாமிக்கு வைக்கிற சாமான். அத்தான் ஒன்றும் சொல்லமாட்டார்.

அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடையில் வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பு சின்னப் பேணியில் வாங்கினேன். குசினியில் ஒரு கிளாஸ் தண்ணியில் கலந்து பார்த்தேன். மஞ்சள் போட்டு, நுனிவிரலால் சுண்ணாம்பு தொட்டேன். கிளாஸ் சிவந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் கேட்ட சிவப்பு அதுதான்.

அத்தானிடம் சொல்லவில்லை. செய்து கொண்டுபோய்க் காட்டுவோம் என்று நினைத்தேன்.

கீழே போய், ஒரு சட்டியில் கெட்டியாகக் கலந்து, சாடிக்குள் ஊற்றினேன். முழுவதையும் ஊற்றினேன். சிவப்பு ஒரு சாண் இறங்கியது. பிறகு கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சளானது. கிண்டினேன். இன்னும் மஞ்சள். முந்தி இருந்ததை விட மஞ்சள். நுரைத்து வாயால் வழிந்தது. சுண்ணாம்பு கட்டி கட்டியாக அடிக்குப் போனது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். காறித் துப்பினேன்.

தண்ணியில் பார்த்தேன். கள்ளில் பார்க்கவில்லை. கதை அவ்வளவுதான்.

மேலே போய் உள்ளதைச் சொன்னேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுண்ணாம்பு என்றதும் கண்ணைத் திறந்தார்.

“கள்ளுக்கு ஆலாத்தி எடுத்தனியோ?”

சிரிக்கத் தொடங்கினார். நிற்பாட்ட முடியவில்லை. இருமல் வந்தது. அக்கா ஓடிவந்து நெஞ்சைத் தடவினா. அப்படிச் சிரித்து நான் பிறகு காணவில்லை.

இருமல் நின்றபிறகு மெதுவாகச் சொன்னார். “புளியடா, மச்சான். குங்குமத்துக்கு மேல தேசிக்காய் பிழிஞ்சு பார், மஞ்சளாப் போகும். கள்ளு முழுக்கப் புளி. சுண்ணாம்பு அங்க நிண்டு பிடிக்காது.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும். ஏன் கேக்கேல்லை?”

“சும்மா, செய்துபோட்டுக் காட்டுவமெண்டு.”

அத்தான் யன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார். “மரத்தில பழம் கிடக்கோ?”

“இல்லை. மிச்சத்தை அணில் முடிச்சிட்டுது.”

“ம்” என்றார்.

பதினாறு நாள் போய்விட்டது. கையில் ஒரு சொட்டுப் புதுக் கள்ளு இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் பின்னேரம் மகள் குசினியில் நின்று ஒரு தகரப் பேணியை உடைத்துக் கிளாஸில் ஊற்றினாள். நான் கண்டேன். கடைச் சைடர். கிறான்பெரி போட்டது. நல்ல சிவப்பு. பேணியை நசித்துக் குப்பைக்குள் அடியில் தள்ளினாள். என்னைப் பார்த்தாள்.

“மாமா, டோன்ற் சே எனிதிங். அப்பாக்கு டைம் இல்லை.”

“சரி.”

கொண்டுபோய்க் கொடுத்தாள். “மாமா செய்தது, அப்பா. திஸ் டைம் சரி வந்திட்டுது.”

அத்தான் கிளாஸைப் பிடித்தார். வெளிச்சத்தில் பார்த்தார். சின்னக் குமிழ்கள் வரிசையாக மேலே ஏறின. எங்கள் கள்ளில் அப்படிக் குமிழ் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

“வடிவாயிருக்குப் பிள்ளை” என்றார். உதட்டில் தொட்டு வைத்தார். தலையைத் தடவ அவளைக் குனியச் சொன்னார். தடவினார்.

அவள் வெளியே போனதும் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

“கடைச் சாமான். நீ குடி.”

குடித்தேன்.

“நீ விட்டிட்டியோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்ப செய்.”

பக்ரறியில் எனக்குப் பக்கத்து லைனில் ஜமேக்காக்காரி ஒருத்தி நிற்கிறா. வயது போனவ. எப்போதும் சாப்பாட்டுக் கதைதான். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன், எதைப் போட்டால் சிவக்கும், புளியிலும் நிற்கும் என்று. யோசிக்கவே இல்லை. சொறல் என்றா. கிறிஸ்மசுக்கு அவர்கள் காய்ச்சிக் குடிக்கிற காய்ந்த பூ. புளி கூடக் கூட அது இன்னும் சிவக்கும் என்றா. அடுத்த நாள் ஒரு பை கொண்டுவந்து தந்தா. காசு வேண்டவில்லை. ஆருக்கு என்று கேட்டா. சொன்னேன். கையை என் தோளில் வைத்துவிட்டு லைனுக்குப் போனா.

பிரித்துப் பார்த்தேன். புளிச்சைக்கீரையின் பூமடல். அக்கா அந்தக் கீரையை மாதம் ஒருக்கா வாங்கிச் சமைக்கிறா.

ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவுக்கு அங்கால் ஒரு தோட்டத்துக்குப் போனாள். கெடாமலிருக்க மருந்து சேர்க்காத அப்பிள் சாறு அங்கே விற்கிறார்கள். மருந்து சேர்த்தால் ஈஸ்ற் பிடிக்காது. வரும்போது கேட்டாள்.

“அப்பா கண்டுபிடிச்சிட்டாரா?”

“ஓம்.”

“தென் வை… ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“நீ வாங்கினபடியால்.”

அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். பின் சீற்றில் சாறுக் கான்கள் ஆடின. பிறகு கேட்டாள், “இது எத்தினை நாள் எடுக்கும்?”

“மூண்டு கிழமை.”

அவள் கார் ரேடியோவைப் போட்டாள். நிற்பாட்டினாள்.

இந்த முறை முதலில் ஒரு கிளாஸ் சாற்றில் பார்த்தேன். சிவந்தது. அடுத்த நாளும் அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் பூமடலைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு, ஆறவிட்டு, வடித்து, சாடிக்குள் ஊற்றி, ஈஸ்ற் போட்டேன். சத்தம் தொடங்கியது. அத்தானுக்குச் சொன்னேன். என்னவாம் என்று அவர் கேட்கவில்லை. தலையை அசைத்தார்.

ஒக்டோபர் போனது. வலிக்குப் போடுகிற மருந்தைக் கூட்டினார்கள். பகலிலும் நித்திரை. விழித்தால் ஒன்றிரண்டு சொல். நேர்ஸ் நாளுக்கு ரெண்டு தரம் வந்தாள். அக்கா சமைப்பதை விட்டுவிட்டா. வந்து போகிற சனம் சோறு கறி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் பாண் தின்றேன்.

சாடியில் சிவப்பு நின்றது. பத்தாம் நாளும் சிவப்பு. பதினைந்தாம் நாளும் சிவப்பு. ஆனால் கலங்கல். சத்தம் குறைந்ததும் தூக்கிக்கொண்டுபோய்க் கராஜில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிரில் மண்டி கெதியாக அடியில் இருக்கும். அது அத்தானின் முறை.

ஒரு பின்னேரம் கண் விழித்துக் கேட்டார். “எப்ப?”

“சிவந்திட்டுது அத்தான். தெளியேல்லை.”

“கலங்கலைக் கொண்டுவராத.”

அதுதான் அவரின் சட்டம். கலங்கின கள்ளை அவர் ஆருக்கும் கொடுத்ததில்லை. கேட்டு வருகிற கூட்டாளிமாரைத் திருப்பி அனுப்புவார். கலங்கல் குடிக்கிறதென்றால் வேறு வீட்டுக்குப் போ என்பார்.

நான் நாளுக்கு மூன்று தரம் கராஜுக்குப் போனேன். சாடிக்குப் பின்னால் டோர்ச் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை அக்கா கராஜுக்கு வந்தா. அக்கா அந்தப் பக்கமே வருவதில்லை. உங்கட சனியன் என்றுதான் கள்ளைச் சொல்வா. சாடியைப் பார்த்தா.

“இவ்வளவு சிவப்பாக் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாவன்.”

“கலங்கல் அக்கா.”

“கலங்கலெண்டா என்னடா? மனுசன் பாக்கட்டும்.”

“வேண்டாமெண்டு சொன்னவர். ரெண்டு மூண்டு நாள்தான். தெளிஞ்சிடும்.”

“அவர் சொல்லுவார்” என்றா. பிறகு உள்ளே போய்விட்டா.

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. சொன்னதைச் செய்கிற பழக்கம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பக்ரறியில் சுப்பவைசர் வந்து கூப்பிட்டார். போனில் மகள். மாமா என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு பஸ் எடுத்தேன். ஒரு பஸ் மாறவேண்டும். ஒரு மணித்தியாலம் பிடித்தது. வீட்டுக்கு வரும்போது முகத்தைத் துடைத்து, நாடியைக் கட்டிவிட்டிருந்தார்கள். கண் கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா மூடவில்லை. நான் மூடினேன். பையைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை எரித்தோம். எரிக்கிற மெசினின் பட்டனை நான்தான் அமத்தினேன். மகன் இல்லை அவர்களுக்கு. மகள் என் கைக்கு மேல் கை வைத்தாள்.

சனிக்கிழமை சோபாவைத் திரும்ப உள்ளே வைக்கவேண்டும் என்று கராஜுக்குப் போனேன். வெளிக்கதவு திறந்திருந்தது. வெயில் சாடிக்குப் பின்னால் விழுந்திருந்தது. சீமெந்து நிலத்தில் சிவப்பாக ஒரு வட்டம் கிடந்தது. சாடிக்குள்ளால் என் கை தெரிந்தது. விரல் தெரிந்தது. நகம் தெரிந்தது.

சோபாவைத் தூக்க வந்த பொடியங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அங்கிள், ஆர் யூ ஓகே?” என்றான் ஒருவன். தூக்குங்கோ என்றேன்.

செவ்வாய்க்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பார்கள். மீன், இறைச்சி, முட்டை எல்லாம் உண்டு. குடிக்கிறவர் என்றால் குடிக்கிறதும் வைப்பார்கள். அக்கா வாழையிலை போட்டு, சோறு வைத்து, நண்டுக்கறி வைத்து, என்னைப் பார்த்தா. நான் கீழே போய், வடித்து வைத்த போத்தலைக் கொண்டுவந்தேன். அக்காவே கிளாஸ் எடுத்து வைத்தா. படத்துக்கு முன்னால் ஊற்றினேன்.

ஒஷாவாவிலிருந்து அத்தானோடு வேலை செய்த ஒருவர் வந்திருந்தார். கிளாஸைக் குனிந்து பார்த்தார்.

“என்ன நிறமப்பா இது? எங்க வாங்கினது?”

“வாங்கேல்லை அண்ணை. செய்தது.”

“சாயம் விட்டதோ?”

“இல்லை.”

“அவர் பாத்தவரோ?”

அக்கா சாம்பிராணித் தட்டை அவரிடம் கொடுத்தா. அவர் வாங்கிக்கொண்டு அங்கால் போனார்.

மகள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைக் குறைத்துக் கேட்டாள்.

“எப்ப தெளிஞ்சது மாமா?”

“சனிக்கிழமை.”

அவள் விரலை மடிக்கத் தொடங்கினாள். அக்காவும் திரும்பிப் பார்த்தா. அவள் சொல்ல முதல் நானே சொன்னேன்.

“நாலு நாள்.”